பதினோராவது படி: மூன்று முறை இருமுதல்

சுத்தம் சோறு போடும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தரம் என்ன போடும் என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சொல்லியிருந்தால் யோகலட்சுமி முன்கூட்டியே ஒரு டசன் கைத்துணி வாங்கி வைத்திருப்பாள்.

யோகலட்சுமிக்கு நாற்பத்து நான்கு வயது. பினாங்கில், ஜோர்ஜ்டவுனில், ஜாலான் டத்தோ கிராமட்டுக்குப் பின்னால் வீடு. காலையில் ஃபெரி ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் புக்கிட் தெங்கா போவாள். கம்பெனியின் பெயர் ஆர்தர்டெக் செண்டிரியான் பெர்ஹாட். முதலாளி பெயர் ஆர்தர். மனிதருக்குத் தன் பெயரின் மீது கொஞ்சம் பிரியம் அதிகம்.

வங்கிகளும் அரசாங்க அலுவலகங்களும் தூக்கிப் போடும் லேசர் பிரிண்டர் கேட்ரிட்ஜுகளை வாங்கி வந்து, பிரித்து, தேய்ந்த உருளையையும் பிளேடையும் மாற்றி, புதுத் தூள் நிரப்பி, புதுப் பெட்டியில் போட்டு, அதே வங்கிக்கும் அதே அலுவலகத்துக்கும் விற்பதுதான் தொழில். குப்பைக்குப் போகிற சாமானுக்கு மறுபிறவி கொடுப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. நல்ல தொழில்தான். நடத்துகிற மனிதர்களை மட்டும் யாராவது இப்படிப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி பூட்டினால் தேவலை.

முதல் மேசையில் நூர்ஜான் உட்கார்ந்திருப்பாள். பாகான் டாலாம் ஊர்ப் பெண், இருபத்தாறு வயது, வாய் ஓயாது. அவள் ஊசிகளை உருவி கேட்ரிட்ஜை இரண்டாகப் பிளந்து அடுத்த மேசைக்குத் தள்ளுவாள். அடுத்த மேசை யோகலட்சுமியுடையது. ஒவ்வொரு பக்கம் அச்சாகும்போதும் காகிதத்தில் ஒட்டாமல் மிஞ்சுகிற கரித்தூளை பிளேடு வழித்து ஒரு பெட்டிக்குள் தள்ளிவிடும். அந்தக் கழிவுப் பெட்டியைத் திறந்து, தட்டிக் கொட்டி, துடைத்துக் கொடுப்பது அவள் வேலை. தூள் முகப்பவுடரைவிட நைசாக இருக்கும். மூக்குக்குள் போனால் திரும்பி வர வழி தெரியாது.

அதை உறிஞ்சுவதற்கென்று அவள் மேசைக்கு மேலே ஒரு இயந்திரம் இருந்தது. ஏழாம் எண் இயந்திரம். தொண்ணூற்றாறு ஜனவரியில் ஒரு நாள் அது உர்ரென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. அவள் ஆர்தரிடம் போய்ச் சொன்னாள்.

"லெட்டர் எழுதிக் கொடுங்கலா" என்றார் ஆர்தர்.

எழுதிக் கொடுத்தாள். பிப்ரவரியில் இன்னொன்று. மார்ச்சில் இன்னொன்று.

"பாஸ், மாஸ்க்காவது கொடுங்க பாஸ். கண்ணாடி அலமாரியில நெறைய இருக்கே."

"அது விசிட்டர் மாஸ்க் யோகா. வர்றவங்களுக்கு வேணாமா? நீங்க இங்கயே இருக்கற ஆளு, உங்களுக்குப் பழகிடும்."

பழகவில்லை. கைத்துணியில் துப்பினால் கறுப்பாக வந்தது. சாயங்காலம் ஃபெரியில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அவள் இருமுவதைக் கேட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த மிஷின் ஓட வேண்டும், தான் ஒழுங்காக மூச்சு விட வேண்டும். அந்த வருஷம் அவள் எந்தச் சாமியிடம் போனாலும் இதைத்தான் கேட்டாள்.

சாமி கொடுக்கவில்லை. பதிலாக ஜூன் மாதத்தில் தரம் வந்தது.

இனிமேல் தரச் சான்றிதழ் உள்ள கம்பெனியிடம்தான் கேட்ரிட்ஜ் வாங்குவோம் என்று வங்கிகள் சொல்லிவிட்டனவாம். ஆர்தர் ஓடிப்போய் வடபகுதித் தர மெய்ப்பிப்புக் கழகம் என்ற ஒன்றைக் கூட்டி வந்தார். கழகம் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். கழகம் என்பது கதிர்காமநாதன் என்ற ஒரு மனிதர், அவர் ஓட்டிவரும் காடி, காடிக்குள் முப்பது கோப்பு.

கதிர்காமநாதன் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"தரம்னா நல்ல சாமான் செய்யறதுன்னு நெறையப் பேரு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. தப்பு! நீங்க ஓட்டைக் குடை செய்யிறீங்களா? தாராளமா செய்ங்க. ஆனா எல்லாக் குடையிலயும் அதே எடத்துல, அதே சைஸ்ல ஓட்டை இருக்கணும். அதுதான் தரம். செய்யிறத எழுதணும். எழுதினதச் செய்யணும். நல்லதா கெட்டதான்னு பார்க்கறது எங்க வேலை இல்ல. நாங்க அவ்வளவு கீழ எறங்க மாட்டோம்."

ஆர்தர் எழுந்து நின்று கைதட்டினார். மழை வந்தால் அந்தக் குடைக்காரன் என்ன செய்வான் என்று நூர்ஜான் காதோரம் கேட்டாள். யோகலட்சுமி அவள் தொடையில் கிள்ளினாள்.

அவரவர் மேசையில் அவரவர் செய்வதை, ஒன்று விடாமல், படிப்படியாக எழுதித் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. மற்றவர்கள் யாரையாவது பார்த்து எழுதினார்கள். யோகலட்சுமியோ ரயில்வே ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் கோப்பு எழுதிய பெரிய கிராணி விநாசித்தம்பியின் மகள். ஒன்று விடாமல் எழுது என்றால் ஒன்று விடாமல் எழுதுகிற சாதி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அப்பா சொல்லிக் கொடுத்த சாய்வெழுத்து ஆங்கிலத்தில் பதினான்கு படிகள் எழுதினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஒன்பதாவது படி, கழிவுப் பெட்டியைத் தட்டித் தூளைக் கொட்டுதல். பத்தாவது படி, மூச்சை அடக்குதல். பதினோராவது படி, முகத்தை இடப்பக்கம் திருப்பி மூன்று முறை இருமுதல். பன்னிரண்டாவது படி, கைத்துணியில் துப்பி, நிறத்தைப் பார்த்தல்.

படித்துப் பார்த்தாவது அந்த மனிதனுக்கு உறைக்கட்டும், மிஷினைப் பழுது பார்க்கட்டும் என்பது அவள் எண்ணம். பாவம், படித்துப் பார்ப்பார்கள் என்று நம்பிவிட்டாள். ஆர்தர் ஒரு கையில் கோப்பிக் குவளையை வைத்துக்கொண்டு மறுகையால் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கழகம் சிவப்பு முத்திரை குத்தியது. "கட்டுப்படுத்தப்பட்ட ஆவணம்." அன்றிலிருந்து அந்த இருமலுக்கு ஒரு எண் வந்துவிட்டது.

அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். குப்பைத் தொட்டியில் 'குப்பைத் தொட்டி' என்று ஒட்டினார்கள். ஒட்டிய சீட்டு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சீட்டு. செத்துக் கிடந்த ஏழாம் எண் இயந்திரத்தில் 'நிலை: நன்று' என்று ஒரு பச்சைச் சீட்டு ஒட்டி, தினமும் காலையில் அதைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட ஒரு அட்டையும் தொங்கவிட்டார்கள். அட்டையில் மூன்று கேள்வி. சத்தம் உண்டா? இல்லை. அதிர்வு உண்டா? இல்லை. சூடு உண்டா? இல்லை. மாதக் கடைசியில் கம்பெனியிலேயே அதிகப் புள்ளி வாங்கிய இயந்திரம் அதுதான். ஆர்தர் அதற்குப் பக்கத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்.

யோகலட்சுமி அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருமினாள்.

செப்டம்பரில் தணிக்கை. கண்ணாடி அலமாரி திறந்தது. எல்லாப் பெண்களுக்கும் ஆளுக்கொரு வெள்ளை மாஸ்க். எட்டு மாதத்துக்குப் பிறகு யோகலட்சுமியின் மூக்கில் தூள் இல்லாத காற்று போயிற்று. அட கடவுளே, மூச்சு விடுவது இவ்வளவு சுலபமா என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கதிர்காமநாதன் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் மேசைக்கு எதிரே நின்றார். ஒவ்வொரு படிக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஒன்பது, டிக். பத்து, டிக். யோகலட்சுமி பிளேடைக் கையில் எடுத்தாள்.

"நில்லுங்க. பதினொண்ணு எங்க?"

"என்னா சார்?"

"பதினோராவது படி. முகத்தை எடது பக்கம் திருப்பி மூணு தடவை இருமணும். நீங்க இருமலையே?"

"இன்னிக்கு மாஸ்க் போட்டிருக்கேன் சார். இருமல் வரல."

கதிர்காமநாதன் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "மாஸ்க்னு இதுல எங்கயும் இல்லையே. மிஸ்டர் ஆர்தர், இது என்னா? எழுதினது ஒண்ணு, செய்யிறது ஒண்ணா? இது பெரிய பிழை. சான்றிதழ் நின்னு போயிடும்."

ஆர்தருக்கு வேர்த்துவிட்டது. "யோகா, இருமுங்கலா!"

"சார், நான் ஏன் அப்படி எழுதினேன்னா, இந்த மிஷின் ஜனவரியில இருந்து ஓடல சார். தூளு நெஞ்சுக்குள்ள போகுது. அதனாலதான் இருமறது. நீங்க படிச்சுப் பார்த்தா ரிப்பேர் பண்ணச் சொல்லுவீங்கன்னு..."

கதிர்காமநாதன் அட்டையைப் பார்த்தார். சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, சூடு இல்லை. நிலை நன்று. கையெழுத்து உண்டு. முத்திரை உண்டு.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு அம்மா" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல. "ஆதாரம் இருக்கு பாருங்க. ஓடலன்னு சொல்றதுக்கு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

சுவிட்சைத் தட்டிப் பார்த்தால் தெரியும் என்று அவள் சொன்னாள். சுவிட்சைத் தட்டிப் பார்ப்பது தணிக்கை முறையில் இல்லை என்று அவர் சொன்னார்.

மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள். அடுத்த கேட்ரிட்ஜை நூர்ஜான் நகர்த்தினாள். யோகலட்சுமி தட்டினாள். கரி எழும்பியது. இருமல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஆர்தர் முகம் மலர்ந்தது. அதற்குள் நான்காவது வந்தது, ஐந்தாவதும் வந்தது.

"மூணுதான் எழுதியிருக்கு" என்றார் கதிர்காமநாதன் வருத்தத்தோடு.

"மூணோட நிறுத்துங்கலா யோகா! கம்பெனிய நெனச்சுப் பாருங்க!"

மூன்றாவது கேட்ரிட்ஜில் அவள் மூன்று முறை இருமி, நான்காவதைத் தொண்டையிலேயே பிடித்து அமுக்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது. கைத்துணியில் துப்பி நிறம் பார்த்தாள். கதிர்காமநாதனும் எட்டிப் பார்த்து, "கறுப்பு, சரி" என்று டிக் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். தூ! மனுஷ ஜென்மங்களா இவை என்று நினைத்துக்கொண்டே யோகலட்சுமி துணியை மடித்தாள்.

அக்டோபரில் பினாங்கு ரோட்டில் ஒரு ஓட்டலில் விழா வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். "எங்க கம்பெனியில ஒரு இருமல்கூட கணக்கில்லாம வெளிய போகாது" என்று ஆர்தர் மேடையில் முழங்கினார். சான்றிதழுக்குத் தங்க நிறச் சட்டம் போட்டு கம்பெனி வரவேற்பறையில் மாட்டினார்கள். அந்தச் சட்டத்தின் பளபளப்பைப் பார்த்து ஆர்டர்கள் இரண்டு மடங்காயின. தூளும் இரண்டு மடங்காயிற்று.

நவம்பரில் யோகலட்சுமி படியேற முடியாமல் டாக்டரிடம் போனாள். டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எந்த அடுப்படியிலம்மா வேலை செய்யிறீங்க?" என்று கேட்டு, இரண்டு வாரம் எம்.சி. லீவு எழுதிக் கொடுத்தார். அந்தத் தூளிடம் மறுபடி போகவே கூடாது என்றார். போகாமல் எப்படி? அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

இரண்டு வாரம் கழித்துப் போனால் அவள் மேசையில் நூர்ஜான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யோகலட்சுமிக்கென்று இன்னொரு மேசை போட்டிருந்தார்கள்.

"அக்கா, எனக்கு டிரெய்னிங் கொடுத்தாங்க அக்கா" என்று சிரித்தாள் நூர்ஜான். "மொத நாளு எனக்கு இருமலே வரல. 'இருமல்: போதாது'ன்னு எழுதிட்டாங்க. அப்புறம் நானா சும்மா கஹ் கஹ்னு இருமிக் காட்டினேன். பாஸாயிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் முகத்தை இடப்பக்கம் திருப்பி இருமினாள். அது சும்மா இருமிய இருமல் இல்லை. யோகலட்சுமிக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். நூர்ஜான் சிரித்துக்கொண்டே துணியை மடித்து மறைத்தாள்.

அன்றைக்கு யோகலட்சுமிக்கு வந்தது போன்ற கோபம் அதற்கு முன் வந்ததில்லை. தான் எழுதிய படி! தன் கையெழுத்து! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததுகூடப் பரவாயில்லை, அந்தக் குரங்கு இப்போது இன்னொருத்தி நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறதே! நேரே ஆர்தரின் அறைக்குப் போய், பதினோராவது படியை எடுத்துவிட வேண்டும், மிஷினைப் பழுது பார்க்க வேண்டும் என்று விண்ணப்பப் பாரம் கேட்டு நிரப்பிக் கொடுத்தாள்.

படியை நீக்குவதென்றால் கமிட்டி கூட வேண்டும். கமிட்டி கூடியது. கதிர்காமநாதனும் வந்திருந்தார்.

"இருமல எடுக்கறது லேசு இல்ல அம்மா" என்றார் அவர். "எடுத்தா காரணம் எழுதணும். காரணம் மிஷின் ஓடலன்னு எழுதினா, மிஷின் நல்லாருக்குன்னு இத்தன மாசம் போட்ட கையெழுத்தெல்லாம் பொய்யாயிடும். கையெழுத்து பொய்னா சான்றிதழ் பொய். சான்றிதழ் பொய்யா இருக்க முடியாது, ஏன்னா அது நான் கொடுத்தது. அதனால மிஷின் ஓடுது. நீங்க இருமுங்க."

"அப்ப எங்க நெஞ்சு என்னா ஆகுறது, சார்?"

"அது எங்க வரம்புக்குள்ள வராது" என்று வருத்தப்பட்டார் கதிர்காமநாதன்.

தைப்பூசம் நெருங்கும்போது ஒரு விஷயம் நடந்தது. தூளுக்கு மஞ்சள் கோடு தெரியாதல்லவா? அது கதவிடுக்கு வழியாக மெல்ல நகர்ந்து வரவேற்பறைக்குப் போய், சான்றிதழின் கண்ணாடி மீது படிந்தது. ஒரு காலை ஆர்தர் விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் கறுத்தது. "ஐயையோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் யாருக்கோ மாரடைப்பு என்று எல்லோரும் ஓடி வந்தார்கள்.

இரண்டே நாள். புத்தம் புது உறிஞ்சு இயந்திரம் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. வரவேற்பறையில், சான்றிதழுக்கு நேர் கீழே வைத்தார்கள். உஸ்ஸென்று காற்றை இழுத்தது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

யோகலட்சுமி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். ஒரு வருஷமாக அவள் எழுதிய கடிதங்கள் எத்தனை! காகிதத்துக்கு மூச்சு முட்டினால் இரண்டு நாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது, செருப்பில் எதையோ மிதித்துவிட்டதுபோல.

அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மறுபடியும் எழுதினாள். படியை நீக்கத்தான் கமிட்டி. மாற்றி விரிவாக எழுதுவதற்கு ஆர்தர் கையெழுத்து ஒன்று போதும், அதைக் கழகத்தின் விதியிலேயே அவள் தேடிப் பிடித்திருந்தாள். ஒன்பதாவது படி: "கழிவுப் பெட்டியை வரவேற்பறைக்குக் கொண்டுசென்று, சான்றிதழின் கீழ் உள்ள இயந்திரத்தின் முன் வைத்துத் தட்டித் தூளைக் கொட்டுதல்." அமலுக்கு வரும் நாள் என்ற இடத்தில், கதிர்காமநாதன் மறுபார்வைக்கு வரப்போகும் பிப்ரவரித் தேதியை எழுதினாள். வேலை போனால் போகட்டும், நூர்ஜானின் துணி இதற்குமேல் கறுக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். ஆர்தர் கோப்பி குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கழகத்தின் சிவப்பு முத்திரையும் படிக்காமலே விழுந்தது.

அந்த நாள் வந்தது. ஆர்தர் இரண்டு வங்கி அதிகாரிகளையும் அழைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, டை. வரவேற்பறை சோபாவுக்கு முன்னால் தட்டில் சுடச்சுடக் கறிபாப்பும் தேத்தண்ணீரும். பேசுவது காதில் விழ வேண்டுமே என்று ஆர்தர் இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தார். கதிர்காமநாதன் சான்றிதழுக்கு அடியில் நின்று, "எழுதினதச் செய்யணும்..." என்று ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. யோகலட்சுமியும் நூர்ஜானும் ஆளுக்கு ஆறு கழிவுப் பெட்டிகளைத் தட்டில் சுமந்துகொண்டு வந்தார்கள்.

"யோகா, என்னாலா இது?"

"ஒன்பதாவது படி, பாஸ்."

ஆர்தர் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் கதிர்காமநாதன் கோப்பைத் திறந்தார். பார்த்தார். கையெழுத்து உண்டு. முத்திரை உண்டு. இன்றைய தேதி. அவருடைய கை தானாகப் பேனாவை எடுத்தது.

"ஆவணத்துல இருக்கு மிஸ்டர் ஆர்தர்" என்றார். "தடுத்தா பிழையாயிடும். செய்ங்க அம்மா."

செய்தார்கள். பன்னிரண்டு பெட்டியையும் தட்டினார்கள். வரவேற்பறையே இருண்டுவிட்டது. வெள்ளைச் சட்டைகள் கறுத்தன, கறிபாப் கறுத்தது, தங்கச் சட்டம் கறுத்தது. வங்கி அதிகாரிகள் வாசலைத் தேடிச் சுவரில் முட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஆர்தர் மிஷின் சுவிட்சைத் தேடித் தட்டினார், பதற்றத்தில் விளக்குச் சுவிட்சைத் தட்டியிருந்தார்.

"மிஷின உள்ள தூக்கிட்டுப் போங்கலா! இவங்க மேசைக்கே கொண்டு போய் வைங்க! இனிமே இந்தச் சனியன் இங்க வரக்கூடாது!"

"பாரம் வேணாமா பாஸ்?" என்று கேட்டாள் யோகலட்சுமி.

"என்னா பாரம்! தூக்குங்கலா!"

நாலு பேர் வந்து தூக்கினார்கள். பதிமூன்று மாதம் நடக்காத காரியம், மேசைக்குப் போய் ஓட ஆரம்பிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளேயிருந்து உஸ்ஸென்ற சத்தம் கேட்டது. நூர்ஜான் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி சுவரில் சாய்ந்து நின்றாள்.

கதிர்காமநாதன் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. முகமெல்லாம் கரி. கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கோப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முகத்தை இடப்பக்கம் திருப்பி இருமினார். ஒன்று. இரண்டு. மூன்று. கொஞ்சம் நிறுத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நான்காவதற்கு வாயைத் திறந்தார்.

"மூணுதான் சார் எழுதியிருக்கு" என்றாள் யோகலட்சுமி.